விழிஞம்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை ஒட்டி அமைந்த பழந்துறைமுகம். இப்பகுதியை ஆண்ட ஆய் மன்னர்களின் முக்கியத் தளமாக இருந்தது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் இதைத் தாக்கி அழித்ததை அவனுடைய ஸ்ரீவரமங்கலச் செப்பேடு பெருமிதத்துடன் சொல்கிறது. பின்னர் சோழன் முதலாம் இராசராசனின் படையும் இங்கு வந்தது. பேரரசுகள் திரும்பத் திரும்ப இவ்வளவு தூரம் படையெடுத்து வந்ததே இத்துறையின் மதிப்புக்குச் சான்று. அக்காலத்தின் எச்சமாகச் சிறிய குடைவரைக் கோயில் ஒன்று எஞ்சியிருக்கிறது.

கொல்லமும் பின்னர் கொச்சியும் வளர, விழிஞம் மீன்பிடித் துறையாகச் சுருங்கியது. ஆனால் கடல் மாறவில்லை. கரையருகிலேயே ஏறத்தாழ 20 மீட்டர் இயற்கை ஆழம். பன்னாட்டுக் கப்பல் பாதை சுமார் 10 கடல் மைல் தொலைவில். கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாற்றப்பட்ட இந்தியச் சரக்குப் பெட்டிகளை இங்கேயே கையாளலாம் என்பதுதான் இங்கு எழுந்த புதிய துறைமுகத்தின் பொருளாதாரக் கணக்கு. அதைக் கட்ட 2015இல் அதானி குழுமத்துடன் கேரள அரசு ஒப்பந்தம் செய்தது. 2024 ஜூலையில் ‘சான் பெர்னாண்டோ’ என்ற முதல் தாய்க்கப்பல் வந்தது. டிசம்பரில் வணிக இயக்கம் தொடங்கியது. 2025 மே 2 அன்று பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரால் கரை அரிக்கப்படுகிறது, வீடுகள் போகின்றன என்று 2022இல் மீனவர்கள், லத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் தலைமையில், மாதக்கணக்கில் போராடினர். துறைமுகத்தின் வரவுசெலவில் அவர்களது இழப்பும் சேர்த்து எழுதப்பட வேண்டும்.