மது மீட்புக் குழு (மஸ்கெலியா)

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசி ஒருவரையொருவர் தாங்கும் குழு. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இதன் முன்மாதிரி. கட்டணம் இல்லை, பெயர் வெளியே போகாது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டுப் பேச்சே சுவர் தாண்டிக் கேட்கும் என்பதால், தோட்டத்தில் இந்த இரண்டாவது விதிதான் கடினம். அதனால் அயலூர்க் கூட்டம் பலருக்குத் தோதாகலாம். குழுவைத் தேடுபவர் மஸ்கெலியா வைத்தியசாலையிலோ டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ விசாரிக்கலாம். இலங்கையின் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. மனநல உதவிக்கு 1926. சாராயமோ கசிப்பு என்னும் கள்ளச்சாராயமோ நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு முதலில் வைத்தியர், பிறகே குழு. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென ‘அல்-அனான்’ 1951 முதல் தனியே இயங்குகிறது.