அரிப்பு: வலியின் நிழலில் கிடந்த ஒரு புலனுணர்வின் வரலாறு

1660ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர், தோல்நோய்கள் குறித்த தம் இலத்தீன் நூலில் அரிப்புக்கு ஒரு வரையறை தந்தார். சொறியும் விருப்பத்தைத் தூண்டும் இனிமையற்ற உணர்வே அரிப்பு என்பது அதன் சாரம். அரிப்பைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் இன்றும் பெரும்பாலும் இவ்வரையறையிலிருந்தே தொடங்குகின்றன. ஆயினும் அதில் ஒரு விந்தை உண்டு. அந்த உணர்வு எத்தகையது என்று அது கூறுவதில்லை. கையை என்ன செய்யத் தூண்டுகிறது என்று மட்டுமே கூறுகிறது. வெம்மையையோ கசப்பையோ எவரும் இவ்வாறு வரையறுப்பதில்லை.

மொழிகளும் நெடுங்காலமாக இதையே செய்து வந்துள்ளன. இலத்தீனில் 'ஸ்கேபீஸ்' என்னும் நோய்ப்பெயர் சுரண்டுதலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. ஜெர்மன் மொழியில் அதே நோய் 'க்ரெட்ஸ' எனப்படும். அதுவும் சொறிதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததே. தமிழிலோ 'சொறி' என்னும் ஒரே சொல் வினையாகவும் நோயாகவும் நிற்கிறது. நோய்க்கு உரிய பெயரை நோயாளியின் விரல்களே இட்டன எனலாம். உணர்வைச் சுட்டத் தமிழில் வேறு சொற்களும் உள்ளன. கரையான் மரத்தை அரிப்பதும் ஆறு கரையை அரிப்பதும் தோலில் தோன்றும் அரிப்பும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. 'தினவு' என்பது உடலின் நமைச்சலோடு வேட்கையையும் சேர்த்துக் குறிக்கும். போருக்குத் தோள் தினவெடுப்பதாகச் சொல்வது அதனால்தான். இலத்தீன் 'ப்ரூரீரே' என்னும் வினையும் அரிப்பையும் இச்சையையும் ஒருங்கே சுட்டியது. தம்முள் தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்வதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. தன்னுள்ளேயே ஒரு விருப்பத்தைச் சுமந்து வரும் புலனுணர்வு இது.

பெயர் செயலிலிருந்து வந்தபோது காரணம் மறைந்துபோனது. கேலனின் மரபில் வந்த ஐரோப்பிய மருத்துவம், உடலின் நீர்மங்கள் கெட்டுப் புளித்துத் தோலின் வழியே வெளிப்படுவதே சொறி என்று கற்பித்தது. 1687இல் இத்தாலியின் லிவோர்னோ துறைமுக நகரில் ஜொவான்னி கோசிமோ போனோமோவும் மருந்தாளுநர் தியாசிந்தோ செஸ்தோனியும் நுண்ணோக்கியில் சொறிப்பூச்சியைக் கண்டு வரைந்தனர். அக்கண்டுபிடிப்பு பிரான்செஸ்கோ ரெடிக்கு எழுதிய மடலாக வெளியாயிற்று. ஏழைப் பெண்கள் தம் குழந்தைகளின் தோலிலிருந்து ஊசிமுனையால் எதையோ எடுத்தெறிவதும், அடிமைகள் ஒருவருக்கொருவர் அவ்வாறே செய்துகொள்வதும் அம்மடலில் பதிவாகியுள்ளன. நுண்ணோக்கி வருமுன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்த செய்தி அது. ஆயினும் நீர்மக் கோட்பாடு எளிதில் அசையவில்லை. 1812இல் பாரிஸில் கலேஸ் என்பவர் பூச்சியைக் கண்டதாக அறிவித்தார்; அவர் காட்டியது பாலாடைக்கட்டியில் வாழும் உண்ணி என்பது பின்னர் வெளிப்பட்டது. இறுதியில் 1834இல் கோர்சிகாவைச் சேர்ந்த மாணவர் ரெனூச்சி, பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் அனைவர் முன்னிலையிலும் ஊசியால் பூச்சியை எடுத்துக் காட்டினார். அவ்வித்தையை அவர் கற்றது தம் தீவின் எளிய பெண்களிடம். போனோமோவின் மடலுக்கும் ரெனூச்சியின் ஊசிக்கும் இடையே 147 ஆண்டுகள். கருவி இல்லாததால் நேர்ந்த தாமதம் என்று இதைக் கூற இயலாது. யாருடைய அறிவு அறிவாக எண்ணப்பட்டது என்பதே இங்குள்ள வினா.

பூச்சி கிடைத்த பின்னும் அரிப்பு விளங்கிவிடவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது ஷெஃபீல்டில் கென்னத் மெலன்பி, போரில் சேர மறுத்த தன்னார்வலர்களின் தோலில் சொறிப்பூச்சிகளைக் குடியேற்றி ஆராய்ந்தார். முதன்முறை தொற்றியவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மாதம்வரை அரிப்பே தோன்றவில்லை. மறுமுறை தொற்றியபோதோ மிக விரைவில் தோன்றிவிட்டது. பூச்சி குடைவதால் அன்று, அதை அடையாளம் கண்டுகொண்ட உடலின் எதிர்வினையால்தான் தோல் அரிக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

இதற்கிடையே உடலியங்கியலில் மற்றொரு கோட்பாடு வேரூன்றியிருந்தது. 1922இல் மாக்ஸ் ஃபான் ஃப்ரை, அரிப்பு என்பது வலி நரம்புகளின் மெலிந்த தூண்டலே என்று வாதிட்டார். அவ்வாதம் வெறும் ஊகமன்று. தண்டுவடத்தில் வலியைக் கடத்தும் பாதையைத் துண்டித்தால் அரிப்பும் மறைகிறது. பிறவியிலேயே வலியுணர்வு அற்றவர்கள் அரிப்பையும் அறிவதில்லை. ஆனால் அதன் விளைவு கொடிது. அரிப்பு வலியின் சிறு வடிவம் என்றானபின், அரிப்பால் வருந்துபவரின் துன்பமும் சிறு துன்பம் என்றாகிவிட்டது. கல்லீரல் நோயிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் இரவெல்லாம் உறக்கமின்றித் தோலைக் கிழித்துக்கொள்பவர்கள் இருந்தும், வலிக்குக் கிட்டிய ஆய்வுக் கவனம் அரிப்புக்குக் கிட்டவில்லை.

கிடைத்த ஒரே பெரிய விடை ஹிஸ்டமின். 1920களில் தாமஸ் லூயிஸ், காயமுற்ற தோலில் தோன்றும் சிவப்பையும் தடிப்பையும் ஆராய்ந்து, ஹிஸ்டமினைப் போன்ற ஒரு பொருளே அவற்றை விளைவிக்கிறது என்றார். 1937இல் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவே குழுவினர் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துக்கு வழி திறந்தனர். காணாக்கடித் தடிப்புக்கு அம்மருந்து நன்கு உதவுகிறது. சிறுநீரக நோயாளியின் அரிப்புக்கும் கரப்பானுக்கும் பெரும்பாலும் உதவுவதில்லை. தரும் சிறு ஆறுதலும் மருந்தின் தூக்கக் கலக்கத்தால் வருவதே. அப்படியிருந்தும் பல பத்தாண்டுகள் அதுவே எழுதித் தரப்பட்டது.

ஹிஸ்டமினைக் கடந்த வழியைக் காட்டியது இந்திய நிலத்தின் ஒரு கொடி. தமிழில் பூனைக்காலி, இந்தியில் கேவாஞ்ச், சமஸ்கிருதத்தில் கபிகச்சு. கபி என்பது குரங்கு; கச்சு என்பது நமைச்சல். இந்திப் பெயரே ஆங்கிலத்தில் 'கவ்ஹேஜ்' என உருத்திரிந்தது. பசுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சாயல் அதில் ஏறியது மக்கள் வழக்கில் நிகழும் சொல்லாக்கத்துக்கு நல்ல சான்று. பசுவுக்கும் கொடிக்கும் யாதொரு தொடர்புமில்லை. இதன் காயை மூடிய நுண்மயிர்கள் தோலில் பட்டால் தாங்கவொண்ணா அரிப்பு எழும். ஆனால் ஹிஸ்டமினால் பரவுவது போன்ற செம்படர் தோன்றுவதில்லை. 1955இல் ஷெல்லியும் ஆர்தரும் அம்மயிரில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்றைக் கண்டு 'மியூகுனைன்' எனப் பெயரிட்டனர். அது தோலில் எந்த ஏற்பிகளை இயக்குகிறது என்பது 2008இல்தான் தெரிந்தது. ஹிஸ்டமின் ஒரு வகை நரம்பிழையையும் பூனைக்காலி வேறொரு வகையையும் கிளர்த்துவதும் அதே ஆண்டுகளில் உறுதியாயிற்று.

வலிக்கோட்பாட்டின் மீது முதல் பெரும் அடி 1997இல் விழுந்தது. ஷ்மெல்ஸ், ஹாண்ட்வெர்க்கர், டோரெப்யோர்க் உள்ளிட்டோர் மனிதரின் நரம்பில் நுண்மின்முனையைச் செலுத்தி, ஹிஸ்டமினுக்கு நெடுநேரம் விடையிறுக்கும் சி வகை நரம்பிழைகளைக் கண்டனர். அழுத்தத்துக்கும் உரசலுக்கும் அவை அசையவில்லை. அவற்றின் துடிப்போ தன்னார்வலர் உணர்ந்த அரிப்போடு ஒத்து ஏறி இறங்கியது. இந்த இழைகளில் செய்தி செல்லும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர்.

2007இல் ஜோ-ஃபெங் சென் குழுவினர், எலியின் தண்டுவடத்தில் காஸ்ட்ரின் ரிலீசிங் பெப்டைடுக்கான ஏற்பி அரிப்பைக் கடத்துவதில் பங்கு கொள்வதைக் காட்டினர். ஈராண்டுகளில் அவ்வேற்பியுள்ள நரம்பணுக்களையே அழித்தனர். எலிகள் சொறிவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. வலியை மட்டும் முன்போலவே உணர்ந்தன.

மலேரியா மருந்தான குளோரோகுயின் ஆப்பிரிக்க நோயாளிகள் பலரிடம் கடும் அரிப்பை விளைவித்து வந்தது. அதனால் மருந்தைப் பாதியில் விட்டவர்களும் உண்டு. ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து அதற்குப் பெரிதும் பயன்படவில்லை. 2009இல் சின்சோங் டோங் குழுவினர் எலியில் அதற்குரிய ஏற்பியை அடையாளம் கண்டனர். 2013இல் அக்குழு செய்த சோதனை நுட்பமானது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினை உணரும் ஏற்பியை, அந்த அரிப்பு நரம்பணுக்களில் மட்டும் இருக்குமாறு எலிகளை உருவாக்கினர். பிற எலிகளுக்கு எரிவலி தரும் கேப்சைசின், இவ்வெலிகளைச் சொறியவே வைத்தது. உணர்வைத் தீர்மானித்தது தூண்டலின் வலிமையன்று, தூண்டப்பட்ட நரம்பணுவின் அடையாளம். ஃபான் ஃப்ரையின் கோட்பாட்டுக்கு இதைவிட நேரான மறுப்பு வேறில்லை. பூனைக்காலியின் இழைகள் வலிக்கும் பணியாற்றுபவை என்பதால், கணக்கு முழுதும் தீர்ந்துவிட்டதாகவும் கூற முடியாது.

2021இல் டயாலிசிஸ் பெறுவோரின் அரிப்புக்கென்றே டிஃபெலிகெஃபாலின் என்னும் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2023இல் ஐசக் சியூவின் ஹார்வர்டு ஆய்வகம், கரப்பான் தோலில் பெருகும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா சுரக்கும் நொதியொன்று நரம்பை நேரடியாகக் கிளர்த்தி அரிப்பை எழுப்புவதைக் காட்டியது. பூனைக்காலியைப் போலவே இங்கும் புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதி. இரத்தம் உறைவதைத் தடுக்க முன்பே புழக்கத்தில் இருந்த ஒரு மருந்து அந்த நரம்பேற்பியையும் அடைக்கும். அதைக் கொடுத்தபோது எலிகள் சொறிவது குறைந்தது.