கம்பியில்லாக் கருவிக்கு மின்சாரம் கிடைத்த வரலாறு



தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோன நம்மவர் சிலர் வீடுகளில் இன்று ஒரு சின்னக் கருவியைக் காணலாம். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அறையின் வெப்பம் எவ்வளவு, காற்றில் ஈரம் எவ்வளவு என்று அளந்து, கம்பியில்லாமலே கைத்தொலைபேசிக்குச் சொல்லும். அதைக் கேட்டுக் காத்தாடி தானே சுற்றும். குளிர்சாதனம் தானே நிற்கும். இப்படிப்பட்ட வீட்டைத்தான் ‘ஸ்மார்ட் ஹோம்’ என்கிறார்கள்.

சரி, அந்தக் கருவிக்குச் சோறு போடுவது யார்? அதற்கு வயரும் இல்லை, பிளக்கும் இல்லை. உள்ளே இருப்பது இன்றைய 20 சென் காசு அளவுள்ள ஒரு மின்கலம். நாம் சொல்லும் ‘பேட்டரி’. அது பிறந்த கதை 200 ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, துத்தநாகத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்தார். மின்சாரம் இடைவிடாமல் ஓடியது. ‘வோல்ட்’ என்னும் அளவு அவர் பெயரால் வந்ததே. 1866இல் பிரெஞ்சுக்காரரான லெக்லாஞ்சே நவச்சாரக் கரைசலைக் கொண்டு வேறொரு மின்கலம் செய்தார். ஆனால் அது கண்ணாடிச் சாடி, சாய்த்தால் கொட்டிவிடும். 1886இல் ஜெர்மானியரான காஸ்னர் அந்தக் கரைசலைப் பசையாக்கித் துத்தநாகக் குவளைக்குள் அடைத்தார். அதுவே உலர் மின்கலம். இரவில் தோட்டத்து இயந்திரம் நின்றதும் கறண்டு போய்விடும் என்றிருந்த காலத்தில், நம் தாத்தா பாட்டிமாரின் டார்ச்லைட்டுக்கும் ரேடியோவுக்கும் உயிர் கொடுத்தது இந்த வம்சத்துப் பேட்டரிதான்.

காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியின் கதையும் சுவையானது. ஈரம் பட்டால் தலைமுடி சற்று நீளும். இதை வைத்தே சுவிட்சர்லாந்து அறிஞர் சொசூர் ஈரமானி செய்து, 1783இல் நூலும் வெளியிட்டார். பின்னர் 1930ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், ரஷ்ய அறிஞர் மொல்ச்சானோவ் ஒரு பலூனில் கருவியைக் கட்டி வானத்துக்கு அனுப்பினார். அது மேலிருந்தபடியே வானிலைச் செய்தியை வானொலி அலையில் அனுப்பியது. மறு ஆண்டு ஃபின்லாந்தின் வைசாலாவும் அவ்வாறே செய்தார். இன்று சுவரில் ஒட்டியிருக்கும் கருவிக்கு மூதாதை இதுவே. பலூன் சுமக்க வேண்டுமே! ஆகவே பேட்டரி இலேசாக இருக்க வேண்டும் என்ற கவலை அன்றே தொடங்கிவிட்டது.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதனால் கருவிகள் சிறுத்தன. மின்சாரப் பசியும் குறைந்தது. 1970களில் லித்தியம் காசுமின்கலங்கள் கடைக்கு வந்தன. அதன்மேல் ‘சிஆர்2032’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 20 என்பது 20 மில்லிமீட்டர் குறுக்களவு; 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனம்.

மாணவர்களே, இப்போது ஒரு கணக்குப் போடுவோம். அந்த மின்கலத்தில் ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர் மணி இருப்பு உண்டு. கருவி ஓயாமல் 10 மில்லி ஆம்பியர் இழுத்தால் 22 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஒரு நாள்கூட வராது! சராசரியாக 0.01 மில்லி ஆம்பியர் மட்டும் இழுத்தால் 22,000 மணி நேரம், அதாவது இரண்டரை ஆண்டு வரும். இந்த வித்தை எப்படி? கருவி பெரும்பாலும் தூங்குகிறது. நேரம் வந்தால் கண நேரம் விழித்து, அளந்து, செய்தியை அனுப்பிவிட்டு மறுபடியும் தூங்கிவிடுகிறது. 2010இல் வந்த புளூடூத் 4.0 முறை இப்படிச் சிக்கனமாகப் பேசுவதற்கென்றே வழி வகுத்தது. “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்று நம் பெரியோர் சொன்னதும் இதைத்தானே! பேட்டரியைப் பெரிதாக்கி வந்த வெற்றியல்ல இது. செலவைச் சுருக்கி வந்த வெற்றி. வீட்டு விளக்கொளியையே மின்சாரமாக்கி, பேட்டரி மாற்றாமல் ஓடும் கருவிகளும் இன்று உண்டு.

பெற்றோர்களே, முக்கியமாக ஒன்று. இந்தக் காசுமின்கலம் மிட்டாய்போல் பளபளக்கும். குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கினால், இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்து புண்ணாகிவிடும், உயிருக்கே ஆபத்து. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், “அழவில்லையே, நல்லாத்தானே இருக்கான்” என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பழையதிலும் கொஞ்சம் சக்தி மிச்சமிருக்கும். அதைக் குழந்தை கைக்கு எட்டாமல் டேப் ஒட்டி வையுங்கள். மூடியில் திருகாணி உள்ள கருவியாகப் பார்த்து வாங்குங்கள்.

அறிவியலைப் பயன்படுத்துவோம், அதன் வரலாற்றையும் ஆபத்தையும் அறிந்தே பயன்படுத்துவோம். இன்று பரிசு பெறும் பிள்ளைகளுள் ஒருவர் நாளை இதைவிடச் சிறந்த மின்கலம் படைக்கட்டும்!

வளர்க கல்வி! வாழ்க தமிழ்!