கொழுப்பைத் தீர்மானிப்பது இரைப்பை: செங்கல்பட்டுக் கடற்கரை இறைச்சிகளை முன்வைத்து

ஞாயிற்றுக்கிழமை வைத்த ஆட்டுக்கறிக் குழம்பு ஆறினால் மேலே வெள்ளைத் திட்டுகள் கட்டும். அதே வெப்பத்தில் கோழிக் குழம்பின் கொழுப்பு மஞ்சளாய் மிதந்துகொண்டிருக்கும். மத்தி மீனின் எண்ணெய் இன்னும் இளகியது. இவ்வேற்றுமையை விளக்கச் சிவப்பிறைச்சி, வெள்ளை இறைச்சி என்ற வழக்கமான பாகுபாடு உதவாது. பிரிகோடு நிறத்தில் இல்லை, இரைப்பையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூன்றின் கொழுப்பும் பெரும்பாலும் ட்ரைகிளிசரைடுதான்: ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள். வேறுபாடு அந்த அமிலங்களில். 18 கரிம அணுக்கள் கொண்ட ஸ்டியரிக் அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு இல்லை. அது உருக ஏறத்தாழ 69 பாகை செல்சியஸ் வேண்டும். ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு சங்கிலியை வளைத்துவிட்டால் அது ஒலெயிக் அமிலம். 13 முதல் 16 பாகையிலேயே உருகிவிடும்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களின் சொந்தச் செம்மறியான மெட்ராஸ் ரெட்டை எடுத்துக்கொள்வோம். அறுவடை முடிந்த வயலிலும் ஏரிக்கரையிலும் அது மேயும் பசும்புல்லின் கொழுப்பில் மூன்று இரட்டைப் பிணைப்புள்ள லினோலெனிக் அமிலமே மிகுதி. ஆனால் ஆட்டுக் கொழுப்பில் அது சொற்பம். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையான அசையூண் வயிற்றின் நுண்ணுயிரிகள் இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜனை ஏற்றிப் பெரும்பகுதியை ஸ்டியரிக்காக்கிவிடுகின்றன. பாதி வழியில் நின்றவை வாக்செனிக் அமிலமாகத் தங்கும். மாட்டுக்கும் இதே கதை. கிடா வாடைக்குக் காரணமான கிளைச்சங்கிலி அமிலங்களும் (4-எத்தில்ஆக்டனாயிக் போன்றவை) இவ்வயிற்று நொதித்தலின் தொடர்ச்சியே. காயடித்த கிடாவில் அவை குறைவு.

கோழிக்கு அந்த வயிறு இல்லை. மக்காச்சோளமும் சோயாவும் தின்றால் அவற்றிலுள்ள, இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள லினோலெயிக் அமிலம் ஏறக்குறைய அப்படியே தோலடியில் சேரும். பன்றியைச் சிவப்பிறைச்சிப் பட்டியலில் வைக்கிறார்கள். கொழுப்பு வேதியியல்படி அது கோழியின் பக்கம் நிற்க வேண்டியது, தீவனத்தை மாற்றினால் அதன் கொழுப்பும் இளகுகிறது.

மீனிலும் இதே விதிதான். மத்தியின் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 அமிலங்கள் பெரும்பாலும் அது உண்ணும் மிதவை உயிரிகள் வழியாக, மூலத்தில் கடல் நுண்பாசிகளிலிருந்து வருபவை. வளர்ப்பு மீனில் இது இன்னும் தெளிவு. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் களநிலையம் இருக்கிறது. கொடுவா மீனைச் சிறைநிலையில் இனப்பெருக்கம் செய்வித்த நிறுவனம் அது. கொடுவா ஊனுண்ணி. குளத்தில் அதற்குத் தரும் தீவனத்தில் மீனெண்ணெயைக் குறைத்துத் தாவர எண்ணெயைக் கூட்டினால் அதன் சதையிலும் டி.எச்.ஏ. குறைந்து லினோலெயிக் கூடும். ஆகவே மீன் என்ற பெயர் மட்டும் ஒமேகா-3க்கு உத்தரவாதம் ஆகாது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஆட்டின் கொழுப்பற்ற சதையை மட்டும் சோதித்தால் பல இரட்டைப் பிணைப்புள்ள அமிலங்களின் விகிதம் கூடுகிறதே? உண்மை. அசையூண் வயிற்றில் தப்பிய சிறு பங்கைத் தசையணுக்களின் சவ்விலுள்ள பாஸ்போலிப்பிடுகள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வெள்ளாடு தன் கொழுப்பை உடலுக்குள், சிறுநீரகத்தையும் குடலையும் சுற்றியே அதிகம் சேமிப்பதால், அதன் சதையில் இவ்விகிதம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் சதையில் அந்தச் சவ்வுக் கொழுப்பின் மொத்த அளவு மிகக் குறைவு. கறிக்கடையில் “கொழுப்பு கொஞ்சம் சேர்த்துப் போடுங்க பாய்” என்று கேட்டு வாங்கும் ஒரு துண்டிலேயே ஸ்டியரிக் மிகுந்த சேமிப்புக் கொழுப்பு அதை மூழ்கடித்துவிடும். வேளச்சேரியிலோ மாமல்லபுரத்திலோ வாங்கிய ஆட்டிறைச்சியைப் பகுப்பாய்வோர் இனத்தோடு வெட்டிய பாகத்தையும் மேய்ச்சலையும் குறிக்காவிட்டால், அவர்களது எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட இயலாது.