கல்வரியைத் தொடர்ந்த கேமரா

பனோரமா என்றதும் மலைமுகடும் கடற்கரையும்தான் நினைவுக்கு வருகின்றன. தமிழ் மண்ணில் எடுக்கப்பட்ட பழைய பனோரமாக்களில் பெரியது ஒன்றுக்கு இயற்கைக் காட்சி பொருளே அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை 1858இல் லின்னேயஸ் டிரைப் 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஒரே இடத்தில் நின்று கேமராவைத் திருப்பினால் ஆகிற காரியம் அல்ல இது. சுவரை ஒட்டி இடம் மாறி மாறி எடுத்தாக வேண்டும். அகலப் படத்தின் உண்மையான பயன் அழகில் இல்லை, துண்டு துண்டாகக் கிடப்பதைத் தொடர்ச்சியாகப் படிக்க வைப்பதில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. தானும் தன் அக்காவும் மனைவியரும் பிறரும் கொடுத்தவற்றையெல்லாம் விமானத்துக் கல்லிலே வெட்டும்படி முதலாம் ராஜராஜன் ஆணையிட்டான். அந்தக் கொடைக் கணக்கை ஒரு கல்லோடு நிறுத்திவிட்டுப் படிக்க முடியாது.

இதை எடுத்தவரை அமெச்சூர் என்றே சொல்வேன். டிரைப் அரசாங்கச் சம்பளம் வாங்கியவர், அவரை அப்படி எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அவர் சென்னைப் படையின் அதிகாரி. இங்கிலாந்தில் விடுப்பில் இருந்தபோது ஆர்வத்தால் புகைப்படக் கலைக்கு வந்தவர். 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைத் தன் விருப்பத்தில் படமெடுத்து, அடுத்த ஆண்டு சென்னைக் கண்காட்சியில் வைத்தார். சென்னை அரசின் புகைப்படக்காரர் பதவி 1856இல்தான் வந்தது. 1857 டிசம்பரில் தொடங்கிய பயணத்தில் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசினால் ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். நம் வெயிலில் அது பெரும்பாடு. மெழுகு ஊட்டிய காகிதத்தையோ முன்கூட்டியே தயாரித்து, உலர்ந்த நிலையில் பயன்படுத்தி, பிறகு கழுவிக்கொள்ளலாம். ஆகவே அந்தக் காகிதம் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது. நீல வானம் அதில் வெறுமையாக விழும் என்பதால் நெகட்டிவ் மீதே மேகங்களைத் தூரிகையால் தீட்டினார். அப்படியானால் அவர் படங்களைச் சான்றாக நம்பலாமா? வானத்தை வைத்து வரலாறு எழுதினால் நம்பக் கூடாது. அடித்தளக் கல்வரியில் வானமே இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. எழுத்தைப் படிப்பதற்குப் புகைப்படத்தைவிட, கல்லில் தாளை ஒற்றி எடுக்கும் மைப்படியே மேல். 1886இல் அரசுக் கல்வெட்டாய்வாளரான ஹுல்ஷ் தஞ்சைக் கல்வெட்டுகளைப் பதிப்பித்தபோது, அறிஞர்களுக்கு வேண்டியது வாசகமாகவே கிடைத்துவிட்டது. எழுத்தைப் பொறுத்தவரை இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எந்தக் கல்லை அடுத்து எந்தக் கல் இருந்தது, எது சிதைந்தது, எந்த இடத்தைச் சுண்ணாம்பு மூடியது என்பதை மைப்படி முழுதாகச் சொல்லாது. ஆட்சியாளரின் தேவைக்காக எடுத்த படம்தானே என்ற குறையும் உண்மையே. ஆனால் அந்த அரசே அதைத் தேவை என்று தொடர்ந்து கருதவில்லை. 1859இல் சென்னை ஆளுநராக வந்த டிரவெல்யன், நிதி நிலைமைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று அந்த வேலையை நிறுத்திவிட்டார். யாருக்காக எடுக்கப்பட்டதோ அவர்கள் கைவிட்ட பிறகும் படம் சான்றாக நிற்கிறது.

இந்த வாதம் கடலூர்ப் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்தும். திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயிலில் மூன்றாம் ராஜராஜனின் 16ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் ஏறத்தாழ 1231. காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததையும், போசள மன்னன் நரசிம்மன் அனுப்பிய தண்டநாயகர்கள் அப்பண்ணனும் சமுத்திர கோப்பையனும் சோழனை மீட்டதையும் அது நமக்குச் சொல்கிறது. அவர்கள் ஊர்களை அழித்துக்கொண்டே வந்தார்கள், சிதம்பரத்தில் பொன்னம்பலத்தானை வணங்கினார்கள், திருப்பாதிரிப்புலியூரில் தங்கினார்கள், திருவதிகைப் பக்கம் அழிவு செய்தார்கள் என்று அந்தப் பயணத்தை ஊர் ஊராக அது அடுக்குகிறது. சேந்தமங்கலமும் திருவதிகையும் திருவந்திபுரமும் திருப்பாதிரிப்புலியூரும் கெடில ஆற்றங்கரையில் வரிசையாக வரும் ஊர்கள். கல்வெட்டின் வாசகம் அச்சில் இருக்கிறது. அது பேசும் நிலத்தைத் தொடர்ச்சியாகக் காட்டும் படத் தொகுப்பு ஒன்றும் உடன் இருந்தால்தான் அந்தப் போரின் வழி முழுதாக விளங்கும்.

கைப்பேசியை ஒருமுறை வீசினாலே பனோரமா வந்துவிடுகிறது, இப்படி ஒரு தொகுப்புக்கு இவ்வளவு நாளும் உழைப்பும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கைப்பேசி, நின்ற இடத்தில் திரும்புவதற்கென்று அமைக்கப்பட்டது. சுவரை ஒட்டி நடந்துகொண்டே எடுத்தால் நேர்கோடு வளையும், எழுத்து இரட்டிக்கும். தாங்கியில் கேமராவைப் பொருத்தி, சுவரிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில், ஒவ்வொரு படமும் முந்தையதை மூன்றில் ஒரு பங்காவது மூடும்படி எடுத்தால்தான் பின்னால் பிசகில்லாமல் ஒட்ட முடியும். திருவந்திபுரத்தின் ஔஷதகிரிக் குன்றின் மேலிருந்து கெடிலத்தை எடுப்பவர் நின்ற இடத்திலேயே திரும்பலாம். ஆனால் கோடையில் மணலாகவும் ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளமாகவும் மாறுகிற ஆறு ஒரே வருகையில் பிடிபடாது. குன்றின் அதே படியில் நின்று பருவந்தோறும் எடுத்தாக வேண்டும். வேலைக்கு வருகிற தொழில்முறைக் கலைஞருக்கு அவ்வளவு நாள் யாரும் சம்பளம் தர மாட்டார்கள். உள்ளூரில் இருந்துகொண்டு விருப்பத்துக்காக எடுப்பவருக்கே அது கைகூடும். நாள், நின்ற இடம், பார்த்த திசை மூன்றையும் குறித்து வைத்தால் அவர் படம் நாளைய ஆய்வாளருக்கு ஆவணம். குறிக்காவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸில் எடுத்தாலும் அது வெறும் அழகான படம்தான்.