பார்வை மாற்றுத்திறன் மாணவர்களின் இணையவழி உயர்கல்வி

பார்வையற்ற, குறைபார்வையுள்ள மாணவர்கள் கணினி அல்லது கைப்பேசி வழியே பட்டப்படிப்புப் பாடம் கேட்டுத் தேர்வெழுதும் முறை. 2020 மார்ச்சில் தொடங்கிய கொரோனா ஊரடங்குக் காலத்தில் இந்தியாவில் இது தவிர்க்க முடியாததாயிற்று. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பான்தான் இதற்கு அடிப்படை. கணினிக்கான திரைவாசிப்பான்களில் ஜாஸ் விலை அதிகம். பார்வையற்றவரான மைக்கேல் கரன் ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய என்விடிஏ இலவசம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் உண்டு.

விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பம், புதுச்சேரி நகருக்கும் காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அங்கிருந்து பல்கலைக்கழகம் போகும் பார்வையற்ற மாணவருக்கு, வண்டிகள் பறக்கும் அந்தச் சாலையைக் கடந்து பேருந்து பிடிக்கும் பாடு இணைய வகுப்பில் இல்லை. பதிவான விரிவுரையை நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேட்கவும் முடியும். ஆனால் ஜூமில் ஆசிரியர் பகிரும் திரை வெறும் படமாகவே வந்து சேர்வதால் திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க எதுவும் இருப்பதில்லை. "இதிலிருந்து இது வருகிறது, பாருங்கள்" என்று சொல்லி ஆசிரியர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். நடுவில் அரட்டைப் பெட்டியில் யாராவது வணக்கம் போட்டால், அதையும் மென்பொருள் ஆசிரியர் குரலின் மேலேயே வாசிக்கும்.

தமிழ்வழி மாணவருக்கு இதைவிடப் பெரிய தொல்லை பாடக்குறிப்புகள். ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சிட்டவை ஒழுங்காக ஒலிக்கும். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் தரும் பாமினி எழுத்துருவில் அடித்த 'அம்மா'வையோ திரைவாசிப்பான் எழுத்தெழுத்தாகப் படித்தால் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்றுதான் கேட்கும். புத்தகப் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பிய பிடிஎஃப்பில் அந்த ஒலிகூட வராது. எழுத்துணரி மென்பொருளில் போட்டுப் பிழை திருத்த வேண்டும். குறிப்பை அனுப்புபவர் சில நிமிடங்களில் செய்யக்கூடிய வேலை, படிப்பவர் தலையில் மணிக்கணக்காக விழுகிறது.

சட்டத்தில் குறையில்லை. 2012 பதிப்புரிமைத் திருத்தத்தின்படி, மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவுக்கு நூல்களை மாற்ற உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் தொடங்கியது. அதே ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடஒதுக்கீடு தருகிறது. இணையவழி அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று கூறியது.

பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் விடையைக் கையால் எழுதி, படமெடுத்துப் பதிவேற்றச் சொல்லித் தேர்வு நடத்தின. மாணவர் சொல்வதை எழுதித் தருபவர் ஊரடங்கில் வீட்டுக்கு வருவதே அரிதாக இருந்தது. தாளின் நான்கு மூலையும் படத்தில் விழுகின்றனவா என்று பார்க்கவும் ஒருவர் வேண்டியிருந்தது. கணினியில் தானே தட்டச்சிட்டு அனுப்பத் தெரிந்த மாணவரும் அந்த முறையில் தேர்வெழுதப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.