பேஸ் கிட்டாரும் மதுரை மெல்லிசை மேடையும்

பேஸ் கிட்டார், நான்கு தடித்த கம்பிகள் கொண்ட மின்னிசைக் கருவி. சாதாரண கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. மெல்லிசைக் குழுக்களில் ‘பேஸ்’ என்ற ஒற்றைச் சொல்லே வழக்கு. வாசிப்பவரும் ‘பேஸ்காரர்’தான். தமிழகத்தில் இக்கருவிக்கென்று தனிக் கச்சேரி மரபு உருவாகவில்லை. திரையிசை வழியாக வந்து, கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, தேவாலயப் பாடகர் குழு ஆகிய மூன்று இடங்களில் இது வேர்கொண்டது. வாசித்தவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையிலும் விடுமுறையிலும் இசைத்த அமெச்சூர் கலைஞர்கள்.

மதுரையில் வைகையின் வடகரையிலுள்ள தல்லாகுளத்தையும் அதை ஒட்டிய பகுதியையும் வைத்து இந்த வரலாற்றைச் சொல்வது எளிது. சித்திரைப் பொருட்காட்சி நடக்கும் தமுக்கம் மைதானம், ராஜா முத்தையா மன்றம், 1881இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் கல்லூரி, தேவாலயங்கள், கல்யாண மண்டபங்கள் ஆகிய எல்லாம் இங்கே நடந்துபோகும் தூரத்தில் உள்ளன. அழகர் எதிர்சேவைக்கு வரும் தல்லாகுளம் பெருமாள் கோயிலும் இங்கேதான். ஓர் அமெச்சூர் கலைஞர் ஏறக்கூடிய மேடைகள் பலவும் ஒரு கூப்பிடு தூரத்துக்குள் அடங்கிவிடும்.

கருவியின் பிறப்பு

மேற்கத்திய இசைக்குழுக்களில் கீழ்ஸ்தாயியை ஏந்தியது டபுள் பேஸ். ஆள் உயரக் கருவி. நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. ஒலிபெருக்கி வைத்த மேளங்களும் கிட்டார்களும் வந்தபின் அதன் ஓசை காதில் விழுவதே கடினமானது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் 1930களிலேயே கிட்டார் வடிவில் ஒரு மின் பேஸைச் செய்து விற்றார். அது பரவவில்லை. 1951இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட ‘பிரெசிஷன் பேஸ்’தான் நிலைத்தது. விரல்பலகையில் உலோகக் கட்டைகள் பதித்திருந்ததால் ஸ்வரம் துல்லியமாக விழும் என்பதே பெயரின் பொருள். அதன் கம்பி நீளமான 34 அங்குலம் இன்றும் பொது அளவு. ஜெர்மனியின் ஹோஃப்னர் நிறுவனம் வயலின் வடிவில் செய்த சிறிய பேஸை 1961இல் ஹாம்பர்க்கில் பால் மெக்கார்ட்னி வாங்கினார். பீட்டில்ஸ் புகழோடு அந்த வடிவமும் உலகம் சுற்றியது.

நான்கு கம்பிகளும் ஈ, ஏ, டி, ஜி எனச் சுருதி சேர்க்கப்படுகின்றன. தடித்த ஈ கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழர் காதுக்கு பேஸ் எட்டியது ஏன் தாமதமானது என்பதை அது விளக்கும்.

கேட்காத கருவி

நம் இசையில் கீழ்நாதம் புதிதல்ல. தம்புராவின் மந்தர ஷட்ஜமம் உண்டு, தவிலின் தொப்பி உண்டு. ஆனால் ஒன்று நகராமல் நிற்பது, மற்றது தாளம் சொல்வது. மேலே ஒரு மெட்டு போகும்போது கீழே இன்னொரு மெட்டு தன்வழியில் நடந்து போவது என்பது நமக்குப் புதிய பழக்கம்.

அதோடு, கேட்கும் சாதனமும் ஒத்துழைக்கவில்லை. டிரான்சிஸ்டர் வானொலியின் உள்ளங்கையளவு ஸ்பீக்கர் 41 அதிர்வை எழுப்பாது. திருவிழாவில் புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரும் அப்படியே. அதற்குக் குரலும் நாதஸ்வரமும் போதும், கனத்த ஒலி அதன் தொண்டையில் இறங்காது. மேலதிர்வுகளை வைத்து மனிதக் காது இல்லாத அடிநாதத்தை ஊகித்துக்கொள்ளும் என்பதால் பேஸின் நிழல் மட்டும் கேட்டது. 1970களின் இறுதியில் நிலைமை மாறியது. ‘ப்ரியா’ (1978) படப் பாடல்கள் ஸ்டீரியோவில் ஒலிப்பதிவாயின. கேசட்டும் டூ-இன்-ஒன்னும் வீட்டுக்கு வந்தன. டீக்கடைகளும் பேருந்துகளும் மரப்பெட்டி ஸ்பீக்கர் மாட்டின. கீழே ஏதோ ஒன்று தனியாக நடக்கிறது என்பது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது.

அப்படி நடக்கவைத்தவர் இளையராஜா. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைபுரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு மேடை மேடையாகப் பாடித் திரிந்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். கிட்டார் கலைஞராகவும் ஜி.கே. வெங்கடேஷின் உதவியாளராகவும் இருந்து, ‘அன்னக்கிளி’ (1976) மூலம் இசையமைப்பாளரானார். அவர் பாடல்களில் பேஸ், கார்டின் முதல் ஸ்வரத்தையும் பஞ்சமத்தையும் மாற்றி மாற்றித் தட்டும் வேலையோடு நிற்பதில்லை. பல்லவிக்குப் பதில் சொல்கிறது, பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில் படியேறி இறங்குகிறது. ‘மூடுபனி’ (1980) படத்தின் கிட்டார் பாடலில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால் அது தனிப் பாட்டாகவே இருக்கும். இந்த நோட்டுகளை ஸ்டுடியோவில் நெடுங்காலம் வாசித்தவர் சசிதரன். பின்னாளில் கீத் பீட்டர்ஸ் இளையராஜா, ஏ.ஆர். ரஹ்மான் இருவரின் இசையிலும் வாசித்தார்.

பேஸ் கற்கவேண்டும் என்ற ஆசை தென்மாவட்ட இளைஞர்களிடம் தோன்றியது இந்தப் பாடல்களால்தான். மேற்கத்திய ராக் இசையைக் கேட்டு வந்தவர்கள் கல்லூரிகளில் இருந்தார்கள். ஆனாலும் எண்ணிக்கையில் அவர்கள் சிறுபான்மை என்றே இக்கட்டுரை கருதுகிறது.

கற்ற விதம்

ஸ்டுடியோவில் எல்லாம் மேற்கத்திய இசைக்குறிப்பில் எழுதப்பட்டன. அந்தத் தாள்கள் மதுரைக்கு வரவில்லை. கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி ஓடவிட்டுத்தான் கற்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டேப் ரெக்கார்டரின் வேகம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். பேட்டரி தீரத் தீரப் பாட்டின் சுருதியும் இறங்கும். ஒரே பாட்டைக் கிட்டார்காரர் வீட்டில் ஒரு சுருதியிலும் பேஸ்காரர் வீட்டில் அரைச் சுருதி தள்ளியும் கற்றுக்கொண்டு வந்து, ஒத்திகையில் முட்டிக்கொள்வது சகஜம். பாட்டு வாரியாகக் கார்டுகளை எழுதிய நோட்டுப் புத்தகம் பேஸ்காரரின் சொத்து. அதை யாருக்கும் லேசில் இரவல் தரமாட்டார்கள்.

வாங்குதல்

கருவி கிடைப்பது இதைவிடக் கடினம். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் வெளிநாட்டு பேஸ் வேண்டுமென்றால் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உறவினர் இருக்க வேண்டும். கல்கத்தாவிலிருந்து கிவ்சன், ஹாப்னர் போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகள் வந்தன. பெயர்கள் எவற்றை நினைவூட்டுகின்றன என்பதை விளக்க வேண்டியதில்லை. சென்னை அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் இருந்தது. 1842இல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கிய பழைய கடை. இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, கடைகளைப் பார்த்து அன்றிரவே திரும்பிவிடலாம். நுகர்பொருள் இறக்குமதியில் எஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில் நீங்கின. அதன்பின் ஐபனேஸ், யமஹா, கோர்ட், ஸ்கொயர் ஆகியவற்றின் தொடக்கநிலை பேஸ்கள் மாவட்டத் தலைநகரங்களுக்கும் வரத் தொடங்கின.

அதுவரை பலருக்கும் முதல் பேஸ் என்பது பழைய பேஸ்தான். எனவே பார்த்து வாங்கும் கலை வளர்ந்தது. முதலில் கழுத்து. ஈ கம்பியை முதல் கட்டையிலும் கடைசிக் கட்டையிலும் ஒருசேர அழுத்தினால், நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கலாம். விரல் நுழைந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். திருகு ஏற்கெனவே மொண்ணையாகியிருந்தால் வாங்கக்கூடாது. அடுத்து, ஒவ்வொரு கட்டையிலும் ஒவ்வொரு கம்பியையும் மெதுவாக மீட்டி, எங்கே ‘ஜிர்’ என்கிறது என்று கேட்க வேண்டும். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் அது அழுக்கு, பெரிய குற்றமில்லை. வாரை மாட்டி நின்று கையை விட்டுப் பார்க்க வேண்டும். தலை தரையை நோக்கிச் சாய்ந்தால் நான்கு மணி நேரக் கச்சேரியில் இடது தோள் கெட்டுவிடும். உள்ளே 9 வோல்ட் பேட்டரி வைத்த ‘ஆக்டிவ்’ வகை என்றால் இன்னொரு எச்சரிக்கை: ஒயரைக் கழற்றாமல் வைத்தால் பேட்டரி தீரும், மேடையில் நடுப்பாட்டில் ஊமையாகும். கிராமத்துக் கச்சேரிக்குப் பேட்டரி வேண்டாத ‘பாஸிவ்’ வகையே நல்லது.

கம்பிகளின் விலை தனிக் கவலை. வியர்வையும் எண்ணெயும் ஏறி மந்தமான கம்பிகளைக் கழற்றி, கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டு, நன்றாக உலர்த்தி மாட்டினால் சில வாரங்களுக்குப் பழைய கணீர் திரும்பும். உலகெங்கும் பேஸ்காரர்கள் அறிந்த வித்தை இது. ஆம்ப்ளிஃபயர் வாங்க முடியாதவர்கள் கிட்டார் ஆம்ப்பில் பேஸைச் சொருகி அதன் ஸ்பீக்கரைக் கிழித்துக்கொண்டதும் உண்டு.

கீபோர்டின் இடது கை

1980களிலேயே சீக்வென்சர் வந்துவிட்டது. ‘புன்னகை மன்னன்’ (1986) இசையில் இளையராஜாவே அதைப் பயன்படுத்தினார். ‘ரோஜா’ (1992) வந்தபின் திரையிசையின் அடிநாதம் பெருமளவு கீபோர்டிலிருந்து பிறந்தது. மேடையும் பின்தொடர்ந்தது. கீபோர்டுகாரரின் இடது கை பேஸைப் பார்த்துக்கொள்ளும் என்றால் ஒருவர் சம்பளம் மிச்சம், வேனில் ஓர் இருக்கையும் மிச்சம். குழுவில் முதலில் கழிக்கப்பட்டவர் பேஸ்காரர்தான். பிறகு இசையே பதிவாகி வரும் ‘மைனஸ் ஒன்’ வந்து மற்றவர்களையும் கழித்தது. ஸ்வரங்களைக் கீபோர்டு சரியாகவே வாசிக்கும். ஆனால் விரல் கம்பியில் வழுக்கி அடுத்த ஸ்வரத்துக்குப் போவதும், உள்ளங்கையால் ஒலியை அமுக்கி டிரம்ஸின் உதையோடு ஒட்டவைப்பதும் அதில் வருவதில்லை. கூட்டத்தில் யாரும் இதைக் கவனித்துக் குறை சொன்னதில்லை. மேடையில் இருந்தவர்களுக்குத்தான் காலுக்கடியில் தரை இல்லாதது போலிருந்தது.

பேஸை விடாமல் வைத்திருந்தவை தேவாலயப் பாடகர் குழுக்களும் கல்லூரிகளும். வாராவாரம் ஞாயிறு ஆராதனை உண்டு. சம்பளக் கணக்கு இல்லை. ஓர் ஆள் கூடுதலாக இருந்தால் மகிழ்ச்சிதான். மெல்லிசை மேடையில் வேலையிழந்த சிலரும், புதிதாகக் கற்ற இளைஞர்களும் இங்கே ஒதுங்கினர். அண்மையில் மோகினி டே போன்றோர் ரஹ்மானின் மேடைகளில் முன்வரிசைக்கு வந்து வாசிப்பதைப் பார்த்துக் கற்கத் தொடங்கியிருப்பவர்கள் வேறொரு தலைமுறை.

விற்றல்

அமெச்சூர் கலைஞர் பேஸை விற்கும் காரணங்கள் பெரிதாக மாறவில்லை. படிப்பு முடிந்து வெளியூர் வேலை, கல்யாணம், குழந்தை, குழு கலைதல். இன்னொரு காரணமும் உண்டு: இதைவிட நல்லது ஒன்று விலைக்கு வந்திருப்பது. விளம்பரம் செய்து விற்கும் வழக்கம் அப்போது குறைவு. டிரம்ஸ்காரர் காதில் போட்டால் போதும், வாரத்துக்குள் ஆள் வரும். வாங்குபவர் நாளை அதே மேடையில் எதிரே நிற்பார் என்பதால் ஏமாற்றும் துணிவு குறைவாக இருந்தது. கழுத்து ஒட்டுப்போட்டது, பிக்கப் மாற்றியது, கட்டை தேய்ந்தது எல்லாவற்றையும் சொல்லித்தான் விலை பேசுவார்கள். புதிய கம்பி மாட்டி விற்பது மரியாதை. பழைய கம்பியோடு விற்பவர் விலையில் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கைபேசியில் படம் போட்டு முகமறியாதவருக்கு விற்கிறார்கள். படத்தில் கழுத்தின் வளைவு தெரியாது. பக்கவாட்டில் தலைமுனையிலிருந்து நீளமாக எடுத்த ஒரு படத்தைக் கேட்டு வாங்குவது விவரமறிந்தவர் வழக்கம். வெளியூருக்கு அனுப்புகையில் கம்பிகளை முழுவதும் தளர்த்தக் கூடாது, ஒரு சுற்று இறக்கினால் போதும். கடினப்பெட்டி இல்லாத பேஸ்கள் இன்றும் ஜமுக்காளத்தில் சுருட்டி, இரண்டு பக்கமும் சணல் கட்டி, மாட்டுத்தாவணியிலிருந்து பேருந்தில் போகின்றன.